பப்பாளியும் பப்பாசியும்



கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியர் பிள்ளைகளிடம் கேட்கும் முதற் கேள்விகள் இரண்டு: "உன் பெயர் என்ன? உன் சொந்த ஊர் எது?" உறையூர் என்கிறது ஒரு பிள்ளை, திருவரங்கம் என்கிறது மற்றொன்று, மணப்பாறை, இலால்குடி, முசிறி என விடைகள் தொடர்கின்றன. பின்வரிசையில் ஒரு சிறுவன் எழுந்து நிற்கிறான், வாய் திறக்கவில்லை. எந்த விடையைச் சொல்வது என்பதே அவன் திகைப்பு. அவன் பிறந்தது திருச்சியில். அவன் தாய் பிறந்தது மண்டபம் முகாமில். பாட்டி பிறந்தது மன்னாரில். வீட்டில் பெரியவர்கள் "எங்கட ஊர்" என்று சொல்லும்போது அவர்கள் மனம் கடலுக்கு அப்பால் போய்விடுகிறது. அந்த ஊரை அவன் கண்டதே இல்லை. அவன் தயங்கி நிற்கும் அந்த நொடியில் பக்கத்துப் பலகையிலிருந்து ஒரு குரல் எழுகிறது: "அவன் அகதி, டீச்சர்!"

கேட்ட ஆசிரியைக்குத் தீய எண்ணம் இல்லை. சொன்ன பிள்ளைக்கும் இல்லை. ஆயினும் அந்த வகுப்பில் அவனுக்கு இனி அதுவே பெயராகி விடுகிறது. இத்தகைய பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பலகையில் அமர்ந்து படிக்கிறார்கள். அவர்கள் வகுப்பில் அச்சமின்றி வாய் திறக்க நாம் என்ன செய்யலாம் என்பதே இம்மாதம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள். அதற்கு நாம் பரிந்துரைக்கும் கருவி மிக எளியது: பக்கம் நிறையப் படமும், அடியில் ஓரிரு வரி எழுத்தும் கொண்ட குழந்தைகளின் பட நூல்.

நிலைமையைச் சற்று விளக்கமாக அறிந்துகொள்வது நலம். 1983ஆம் ஆண்டு சூலை மாதம் இலங்கையில் மூண்ட இனக்கலவரத்தைத் தொடர்ந்து தமிழ் மக்கள் படகேறி நம் கரைக்கு வரத் தொடங்கினர். 1987இல் இந்திய - இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானபின் பலர் திரும்பிச் சென்றனர். 1990இல் மீண்டும் போர் மூண்டது, மீண்டும் வந்தனர். பின்னர் 2006இலும் அவ்வாறே. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. 2022இல் அந்நாட்டைப் பொருளாதார நெருக்கடி வாட்டியபோது, குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கிய செய்தியை நாளிதழ்களில் படித்தோம். 2021 ஆகஸ்டில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அளித்த கணக்கின்படி, 1983 முதல் வந்தவர்கள் 3,04,269 பேர். அவர்களுள் 108 முகாம்களில் அப்போது வாழ்ந்தவர்கள் 58,822 பேர். காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு முகாமுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் 34,087 பேர்.

நம் மாவட்டத்தில் விமான நிலையத்திற்கு அருகே கொட்டப்பட்டிலும், துவாக்குடிக்கு அருகே வாழவந்தான்கோட்டையிலும் இம்முகாம்கள் உள்ளன. வாழவந்தான்கோட்டை! என்ன பொருத்தமான பெயர்! வாழ வந்தவர்களே அவர்கள். 2021இல் அரசு, 'இலங்கை அகதிகள் முகாம்' என்ற பெயரை நீக்கி, 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. அரசாணையில் மாறிய சொல் பள்ளிக்கூடத்துப் பலகையில் மாற வேண்டாவா?

இம்மக்களுள் மலையகத் தமிழரும் உளர். அவர்கள் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, சேலம் முதலிய சீமைகளிலிருந்து காப்பித் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் உழைக்கக் கடல் கடந்து போனவர்கள். அங்கே 'இந்தியாக்காரன்' என்றார்கள். இங்கே 'சிலோன்காரன்' என்கிறோம். அப்பிள்ளைகளிடம் போய்ச் 'சொந்த ஊர் எது?' என்று கேட்டால் அவர்கள் எதைத்தான் சொல்வார்கள்? இன்னொன்றும் நினைவில் கொள்ள வேண்டும். நம் நாட்டின் குடியுரிமைச் சட்டப்படி, 1987 சூலை 1ஆம் நாளுக்குப்பின் இங்கே பிறந்தவருக்கு, பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாய் இருந்தாலன்றி, பிறப்பினால் குடியுரிமை கிட்டாது. ஆகவே, காவிரி நீரையே குடித்து வளர்ந்த பிள்ளையும் குடிமகன் என்று எழுதிக்கொள்ள இயலாத நிலையில் இருக்கிறான்.

பள்ளிக் கதவு அவர்களுக்குத் திறந்தே இருக்கிறது. இதற்காகத் தமிழக அரசுகளை மனமாரப் பாராட்ட வேண்டும். பாடநூல் கிடைக்கிறது, மதிய உணவு கிடைக்கிறது. 1984இல் ஈழ மக்களே தங்களுக்கென அமைத்துக்கொண்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும், இயேசு சபைத் தலைவராய் இருந்த பேத்ரோ அருப்பே அடிகளார் 1980இல் தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணிக்குழுவும் முகாம் பிள்ளைகளின் கல்விக்கு ஆற்றியுள்ள தொண்டு பெரிது. ஆனால் இருக்கை கிடைப்பது ஒன்று. அந்த இருக்கையில் அமர்ந்து பேசத் துணிவு கிடைப்பது வேறு. வகுப்பில் வாய் திறவாத பிள்ளை மெல்ல மெல்லப் பின்தங்குகிறது. பின்தங்கிய பிள்ளை ஒரு நாள் பையை மூலையில் வைத்துவிட்டு, தந்தையோடு வண்ணம் பூசும் வேலைக்குப் போய்விடுகிறது. கையில் கூலி வருகிறது; படிப்பு முடிந்து போகிறது. நாம் இங்கே பேசுவது பொழுதுபோக்குப் பற்றியன்று என்பது வாசகர்களுக்கு விளங்கும்.

"அவர்களும் தமிழர், நாமும் தமிழர். மொழியில் என்ன இடர்?" என்று சிலர் கேட்கலாம். இடர் அங்கேதான் மறைந்திருக்கிறது. வேற்றுமொழிப் பிள்ளை வந்தால் ஆசிரியர் விழிப்பாய் இருப்பார். ஒரே மொழி என்று எண்ணுவதால், இங்கே யாரும் கவனிப்பதில்லை. பப்பாளி என்று நாம் சொல்லும் பழத்தை அவர்கள் வீட்டில் பப்பாசி என்பார்கள். நமக்கு வேர்க்கடலை; அவர்களுக்குக் கச்சான். நமக்கு எலுமிச்சை, அவர்களுக்குத் தேசிக்காய். நாம் நாற்காலியில் அமர்கிறோம்; அவர்கள் கதிரையில் அமர்கிறார்கள். நாம் பேசுகிறோம், அவர்கள் கதைக்கிறார்கள். முகாமிலேயே பிறந்த பிள்ளை, வீட்டுக்கு ஒரு தமிழ், பள்ளிக்கு ஒரு தமிழ் என்று இரண்டையும் சுமந்து நடக்கிறது. என்றேனும் ஒரு நாள் வீட்டுச் சொல் வாய் தவறி வகுப்பில் விழுந்தால், வகுப்பே சிரிக்கிறது. விடைத்தாளில் விழுந்தால், சிவப்பு மை சுழிக்கிறது. அன்று முதல் அந்தப் பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் நாவின் நுனியில் நிறுத்திச் சோதித்துப் பார்த்தே வெளியே விடுகிறது. அதைவிடப் பேசாமல் இருப்பது எளிதன்றோ?

சிரிப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். கதிரை, சப்பாத்து, பாண் என்னும் சொற்கள் போர்த்துக்கேயர் வழியே ஈழத்தமிழில் கலந்தவை. நாம் நாள்தோறும் வழங்கும் சன்னல், மேசை, சாவி, அலமாரி ஆகியவையும் அதே கப்பலில் வந்து இறங்கியவையே! ஏன், குருக்களைக் குறிக்கும் 'பாதிரியார்' என்ற சொல்லும் அவ்வழி வந்ததே. மேசை நம் சொல்லாய்விட்டது. அதன் அருகே போட வேண்டிய கதிரை மட்டும் நகைப்புக்கு உரியதா?

இனிப் படம் செய்யும் பணியைப் பார்ப்போம். ஆசிரியை ஒரு பட நூலை விரித்து வகுப்பு முழுவதும் காணும்படி பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சந்தை, ஒரு கிழவி கூடையில் பழம் விற்கிறாள். "இது என்ன பழம்?" "பப்பாளி" என்று பத்துக் குரல்கள். ஆசிரியை அடுத்த பக்கத்தைப் புரட்டாமல், "இதற்கு வேறு பெயர் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்கிறார். "பப்பாசி" என்று ஒரு மெல்லிய குரல். ஆசிரியை கரும்பலகையில் இரண்டு சொற்களையும் அருகருகே, ஒரே அளவில் எழுதுகிறார். பழம் ஒன்று, பெயர் இரண்டு, இரண்டும் தமிழ். அன்று அந்த வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் ஒரு புதுச் சொல் கற்றார்கள். கற்பித்தவன் பின்வரிசைச் சிறுவன்! எழுத்து மட்டுமே உள்ள பாடத்தில் இது நிகழாது. அச்சில் பப்பாளி என்று இருந்தால் பப்பாசி பிழையாகிவிடும். படமோ எந்தப் பெயரையும் விலக்குவதில்லை.

இது நம் கற்பனையில் தோன்றிய புது வழி அன்று. குழந்தைகளுக்கென அச்சிடப்பட்ட பட நூல்களுள் உலகப் புகழ் பெற்ற முதல் நூல் 1658இல் நூரம்பெர்க் நகரில் வெளிவந்தது. காணப்படும் உலகைப் படங்களில் காட்டும் அந்த நூலில், ஒவ்வொரு படத்திலும் உள்ள பொருள்களுக்கு எண்ணிட்டு, அதே எண்ணோடு இலத்தீன் சொல்லையும் செருமானியச் சொல்லையும் அருகருகே அமைத்திருந்தார் ஆசிரியர். ஒரே படம், இரு மொழி! அந்த ஆசிரியர் யார்? மொராவிய நாட்டில் 1592இல் பிறந்த கொமேனியுஸ். சமயப் போரில் வீடிழந்து, கொள்ளை நோயில் மனைவியையும் பிள்ளைகளையும் இழந்து, 1628இல் தாய்நாட்டை விட்டு வெளியேறியவர். தஞ்சம் புகுந்த போலந்து நகரம் 1656இல் தீக்கிரையானபோது, பல்லாண்டு எழுதிய கையெழுத்துப் படிகளையும் இழந்தவர். 1670இல் ஆம்ஸ்டர்டாமில் அந்நியராகவே மறைந்தார். அவர் சீர்திருத்தச் சபையைச் சார்ந்த ஆயர். அவரை நாடு கடத்தியவர்கள் கத்தோலிக்க அரசர்கள். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அகதியாய் அலைந்த ஒருவர் உலகப் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற கொடை அந்தப் பட நூல் என்பதை நன்றியோடு நினைப்போம்.

அவரைப் போலவே மற்றொருவர் யெல்லா லெப்மன் என்னும் அம்மையார். செருமனியில் பிறந்த யூதர்; இட்லரின் ஆட்சியில் 1936இல் நாட்டைவிட்டு இலண்டனுக்கு ஓடியவர். போர் முடிந்தபின் இடிபாடுகளாய்க் கிடந்த அதே நாட்டிற்குத் திரும்பினார். பிள்ளைகளுக்கு ரொட்டியும் மருந்தும் மட்டும் போதா, நூல்களும் வேண்டும் என்று பல நாடுகளுக்கு எழுதிக் கேட்டார். மொழி தெரியாவிட்டாலும் படம் புரியுமன்றோ? 1946இல் மியூனிக் நகரில் உலகக் குழந்தை நூல்களின் கண்காட்சியை நடத்தினார். சண்டையிட மறுத்துப் பூக்களை முகர்ந்துகொண்டு அமர்ந்திருக்கும் பெர்டினண்ட் என்ற காளையின் கதையைத் தாமே மொழிபெயர்த்து, செய்தித்தாள் காகிதத்தில் 30,000 படிகள் அச்சிட்டு, அவ்வாண்டுக் கிறிஸ்துமசுக்குப் பெர்லின் பிள்ளைகளுக்கு வழங்கினார். 1949இல் மியூனிக்கில் அவர் நிறுவிய பன்னாட்டு இளைஞர் நூலகம் இன்றும் உள்ளது. 1953இல் அவர் முயற்சியால் உருவான பன்னாட்டு இளையோர் நூல் அமைப்பு, 2012இல் இத்தாலியின் இலாம்பெதூசா தீவில், படகில் வரும் பிள்ளைகளுக்காகவும் தீவுப் பிள்ளைகளுக்காகவும் எழுத்தே இல்லாத பட நூல்களை உலகெங்கிலுமிருந்து திரட்டியது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013 சூலையில், உரோமைக்கு வெளியே தம் முதற் பயணமாகச் சென்று, கடலில் மாண்டவர்களுக்காகக் கண்ணீரோடு திருப்பலி நிறைவேற்றினாரே, அதே தீவுதான் அது.

திருச்சபைக்குப் படத்தின் ஆற்றல் புதிதன்று. ஏறத்தாழ 600ஆம் ஆண்டில், மார்செய் நகர் ஆயர் செரேனுஸ் ஆலயப் படங்களை உடைத்தெறிந்தபோது, புனித பெரிய கிரகோரியார் அவரைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். எழுத்தறியாதவர்கள் படத்தின் வழியே படிக்கிறார்கள் என்பது அவர் கருத்து. நம் ஆலயச் சுவர்களில் உள்ள சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளை எண்ணிப் பாருங்கள். எழுத்தறியாப் பாட்டிமார் எத்தனை பேர் அப்படங்களின் முன் நின்று, பிறருடைய பாடுகளைக் கண்டு, தம் பாடுகளைச் சொல்லி அழுதிருக்கிறார்கள்!

பட நூலின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. துயருற்ற பிள்ளையிடம் "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்பது, மூடிய புண்ணைத் திறப்பது போன்றது. படத்தைக் காட்டி, "இந்தப் பையன் ஏன் சன்னலருகே நிற்கிறான்?" என்று கேட்டுப் பாருங்கள். "அப்பா இன்னும் வரவில்லை, அதனால் பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்று விடை வரலாம். அப்பிள்ளை படத்துப் பையனைப் பற்றித்தான் பேசுகிறது; தன்னைப் பற்றியும் பேசுகிறது. எவ்வளவு சொல்வது, எப்போது நிறுத்துவது என்பது அதன் கையில் இருக்கிறது. இறைவாக்கினர் நாத்தான் தாவீது அரசனிடம் நேரே பேசவில்லை. ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு கதை சொன்னார். அரசன் பிறர் கதை என்று எண்ணிக் கேட்டான். தன் உள்ளத்தையே கண்டான். நம் ஆண்டவரும் உவமைகளாலேயே பேசினார். மனிதன் தன்னைக் காண, சற்று விலகி நிற்கும் ஒரு கதை தேவைப்படுகிறது. பிள்ளைக்கோ அது இன்னும் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

ஆகவே, ஆசிரியர்களுக்கும், ஞாயிறு மறைக்கல்வி நடத்தும் அருட்சகோதரிகளுக்கும் இளைஞர்களுக்கும் சில குறிப்புகளைப் பணிவோடு முன்வைக்கிறோம்.

முதலாவது, நூல் முழு வகுப்புக்கும் உரியதாக இருக்கட்டும். முகாம் பிள்ளைகளை மட்டும் தனியே அழைத்து அமர்த்திப் படித்துக் காட்டினால், அதுவே இன்னொரு வேலியாகிவிடும்.

இரண்டாவது, அகதிக் கதைகளையே தேடி அலைய வேண்டா. முகாம் பிள்ளையும் யானையை விரும்பும், மழையை விரும்பும், மாங்காய் திருடிய குரங்கைக் கண்டு வயிறு குலுங்கச் சிரிக்கும். சிரிக்கும் உரிமை அதற்கும் உண்டு. நூலில் வரும் ஏழைப் பிள்ளை எப்போதும் கையேந்துபவனாகவே வந்தால், அந்நூலை ஒதுக்கிவிடுங்கள்.

மூன்றாவது, "இது உன் கதை போல் இருக்கிறதே, எழுந்து சொல்" என்று எந்தப் பிள்ளையையும் சுட்டாதீர்கள். சொல்ல விரும்பும் பிள்ளை தானே சொல்லும். இன்று இல்லையேல் அடுத்த மாதம் சொல்லும். ஒரு படத்தின் முன் நீண்ட நேரம் மௌனமாய் இருந்தாலும் விட்டுவிடுங்கள். மௌனத்திலும் பிள்ளை படித்துக்கொண்டுதான் இருக்கிறது.

நான்காவது, ஏதோ ஒரு பக்கத்தில், படகையோ தீயையோ கண்டு, ஒரு பிள்ளை அழுதால், காரணம் கேட்டுத் துருவாமல் அருகில் அமர்ந்திருங்கள். நூலை மூடிவிடலாம். பின்னர்த் தாயிடம் தனிமையில் தெரிவியுங்கள். அழுகை நாள்தோறும் தொடர்ந்தால், மனநல உதவிக்கு வழி காட்டுங்கள். பட நூல் மருந்தன்று. மருத்துவர் செய்ய வேண்டியதை அது செய்யாது.

ஐந்தாவது, படித்து முடித்தபின் பிள்ளைகள் தாங்களே ஒரு பட நூல் செய்யட்டும். ஒரு வரைதாள் ஏடும் வண்ணக் குச்சிகளும் போதும். தலைப்பு: 'எங்கள் ஊர்'. ஒரு பிள்ளை மலைக்கோட்டையை வரையும். ஒரு பிள்ளை காவிரிப் பாலத்தை வரையும். ஒரு பிள்ளை புனித வளனார் கல்லூரிக்கு அருகில் உள்ள லூர்தன்னை ஆலயக் கோபுரத்தையும், ஒரு பிள்ளை 1987இல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி உயரத் திருவரங்கத்துக் கோபுரத்தையும் வரையும். கொட்டப்பட்டுப் பிள்ளை தன் முகாமின் வரிசை வீடுகளையும், தலைக்கு மேல் தாழப் பறந்து இறங்கும் விமானத்தையும் வரையட்டும். அதுவும் திருச்சியே, அதுவும் நம் ஊரின் ஒரு பக்கமே. அடுத்த தாளில், பாட்டியிடம் கேட்டறிந்த பனந்தோப்பையும் கடலையும் வரையட்டும். பிள்ளைக்கு இரண்டு ஊர்கள் இருக்கலாம். ஒன்றைச் சொல்ல மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை என்பதை அந்த ஏடு அதற்குக் கற்றுத்தரும்.

அயலூருக்குப் போனவன் தன் கண்ணால் வரைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அருமையான சான்று ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷியாம், ஓர் உணவகத்தின் சுவரில் ஓவியம் தீட்ட இலண்டனுக்கு அழைக்கப்பட்டார். மொழி புரியாத அம்மாநகரை அவர் தம் காட்டின் விலங்குகளாகக் கண்டார். வானில் எழும்பும் விமானம் அவருக்குப் பறக்கும் யானை. மண்ணுக்கடியில் ஓடும் இரயில் ஒரு மண்புழு. பெரிய மணிக்கூண்டு, பொழுதை அறிவிக்கும் சேவல்! அவ்வோவியங்களைச் சென்னையின் தாரா பதிப்பகம் 2004இல் நூலாக்கியது. புது ஊர் அவரை விழுங்கவில்லை. அவர் அந்த ஊரைத் தம் கதைக்குள் அழைத்துக்கொண்டார். முகாம்களில் தந்தையர் பலர் ஊரார் வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூசுகிறார்கள். அவர்கள் பிள்ளைகளின் கையில் ஒரு தூரிகையும் ஒரு வெள்ளைத் தாளும் சேர்ந்தால், என்னென்ன வெளிவருமோ!

நம் இல்லங்களுக்கும் பங்கு உண்டு. ரூடின் சிம்ஸ் பிஷப் என்னும் அமெரிக்கப் பேராசிரியை, பிள்ளைகளுக்கு நூல் சில வேளை முகம் பார்க்கும் கண்ணாடியாகவும், சில வேளை அயல்வீட்டைக் காட்டும் சன்னலாகவும் அமைகிறது என்று 1990இல் எழுதினார். முகாம் பிள்ளைக்குக் கண்ணாடி கிடைப்பதில்லை. நம் பிள்ளைக்குச் சன்னல் கிடைப்பதில்லை. "அவன் அகதி" என்று கூவிய பிள்ளை அச்சொல்லை எங்கே கற்றது? பெரியவர்கள் பேச்சில்தான். ஆதலால் இரவு உணவுக்குப்பின் பிள்ளையை மடியில் அமர்த்தி, பிற ஊர், பிற மொழி, பிற வாழ்வு காட்டும் பட நூல் ஒன்றை விரித்துப் படியுங்கள். நேஷனல் புக் டிரஸ்டும் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் குறைந்த விலையில் நல்ல நூல்களை வெளியிட்டு வந்துள்ளன. கைப்பேசி உள்ள வீட்டில், பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் பட நூல்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். கைப்பேசியைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு எழுந்து போகாமல், கூட அமர்ந்து படிக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

முகாம் பிள்ளைகளுக்கு நூல் வழங்க விரும்புவோர்க்கு ஒரு சொல். அட்டை கிழிந்த, பக்கம் உதிர்ந்த நூல்களைக் கட்டி அனுப்பாதீர்கள். அவர்கள் புத்தகத்தின் அருமை அறியாதவர்கள் அல்லர். 1981 மே 31 இரவில் தொடங்கிய வெறியாட்டத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில், பன்மொழிப் புலவராகிய தாவீது அடிகளார் என்னும் நம் குரு ஒருவர் மாரடைப்பால் உயிர் நீத்தார் என்று யாழ் மக்கள் இன்றும் உருக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள். நூலுக்காக உயிர் நின்றுபோன மண்ணின் வழிவந்த பிள்ளைக்கு, புது மை மணக்கும் ஒரு நூலைத் தருவோம். அதன் முதற் பக்கத்தில் பிள்ளையின் பெயரை அழகாக எழுதித் தருவோம்.

இவற்றால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. பட நூல் குடியுரிமை தராது, வேலை தராது, பிரிந்த உறவைக் கூட்டி வைக்காது. அவற்றுக்காகக் குரல் கொடுக்கும் கடமை பெரியவர்களாகிய நம்மைச் சாரும். நூல் கொடுத்தோம் என்று அக்கடமையிலிருந்து நழுவக் கூடாது. ஆயினும், நாளை தன் உரிமையைத் தானே எழுந்து கேட்க வேண்டிய பிள்ளை, இன்று வகுப்பில் ஒரு பழத்தின் பெயரைச் சொல்லவாவது துணிவு பெற வேண்டுமன்றோ?

புலம்பெயர்தல் நம் மண்ணுக்கும் நம் மறைக்கும் புதிதன்று. 1323இல் படையெடுப்பு நேர்ந்தபோது, திருவரங்கத்து அரங்கனின் திருவுருவத்தை அடியார்கள் சுமந்துகொண்டு ஊர் ஊராய் அலைந்ததையும், 1371இல் மீண்டும் கோயில் சேர்த்ததையும் வைணவ அன்பர்கள் இன்றும் உருகிச் சொல்வர். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது, ஈழத்து மடு அன்னையின் திருவுருவமும் தன் ஆலயத்தை விட்டுப் புறப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டில்தான் திரும்பியது. ஏரோதின் வாளுக்கு அஞ்சி, இரவோடிரவாகக் குழந்தை இயேசுவை ஏந்தி எகிப்துக்கு ஓடியது நம் திருக்குடும்பம். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952இல் வெளியிட்ட தம் திருத்தூது ஆவணத்தில், அந்தத் திருக்குடும்பத்தையே எல்லா நாட்டு அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாக உயர்த்திக் காட்டினார். அயல்நாட்டுத் தெருவில் குழந்தை இயேசுவும் ஏதோ ஓர் எகிப்தியச் சொல்லைக் கற்றிருப்பார்; தம் நாசரேத்துப் பேச்சால் பிறர் சிரிப்புக்கு ஆளாகியும் இருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

செப்டம்பர் மாதத்தின் கடைசி ஞாயிறைத் திருச்சபை குடிபெயர்ந்தோர், அகதிகள் நாளாகக் கொண்டாடுகிறது. அதற்குள் ஒவ்வோர் அன்பியமும் ஒரே ஒரு புதுப் பட நூலை வாங்கி, அருகில் உள்ள தொடக்கப் பள்ளிக்கோ முகாமின் மாலை வகுப்புக்கோ கொடுக்கட்டும். கொடுத்துவிட்டுத் திரும்பாமல், ஒரு மாலைப் பொழுது அங்கே தரையில் அமர்ந்து, பிள்ளைகளோடு சேர்ந்து பக்கங்களைப் புரட்டட்டும். பிள்ளைகள் சொல்லும் புதுச் சொற்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வரட்டும். வாசகர்கள் அச்சொற்களை நமக்கு எழுதி அனுப்பினால், இப்பகுதியில் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம்.